காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை

"வீட்டைப் பத்தி நல்லதை அப்புறமா சொல்றேன். மொதல்ல கெட்டதையெல்லாம் சொல்லிடறேன்," என்றார் சாவிக்கொத்து.

அந்தக் குடியிருப்புக்குக் காவலாளி, குழாய் ரிப்பேர்க்காரர், பல்பு மாற்றுபவர் எல்லாமே அவர் ஒருவர்தான். இடுப்பில் நாற்பது சாவிகள் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அவர் சாவிக்கொத்துதான். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

நானும் என் தங்கையும் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு கட்டடங்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. எனக்குக் காட்டிய வீடு இரண்டாம் மாடியில் இடதுபக்கம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்துவிட வேண்டிய சமையலறை.

"சுடுதண்ணி ஏழு மணிக்குள்ள குளிச்சா உண்டு. அதுக்கப்புறம் கோபிச்சுக்கிட்ட மாமியார் பேச்சு மாதிரி வரும், சூடும் இல்லாம குளிர்ச்சியும் இல்லாம. பால்கனிக் கதவை அப்படியே இழுத்தா மூடாது, லேசாத் தூக்கிட்டு இழுக்கணும். சமையலறை ஜன்னலைத் திறந்தா கீழ்வீட்டுல என்ன வதக்கறாங்கன்னு தெரிஞ்சுடும். சுவரு பாக்கத்தான் சுவரு. பக்கத்து வீட்டுல தும்மினா நீங்க இங்கேர்ந்தே 'நூறு'ன்னு சொல்லலாம்."

"நல்லது என்ன?" என்றாள் தங்கை.

அவர் யோசித்தார். "வெயில் நல்லா வரும். அப்புறம்... நான் இருக்கேன்."

தங்கை அவரை நம்பவில்லை. எல்லாக் குழாயையும் திறந்து மூடினாள். கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டி மறுபடி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்த்தாள். தொட்டிக்கு அடியில் கை விட்டு ஈரமா என்று தடவினாள். அலமாரிக்குள் தலையை நுழைத்து மோந்து பார்த்தாள். சுவரில் இருந்த ஒவ்வொரு கறையையும் போனில் படம் பிடித்தாள். "காலி பண்ணும்போது இதெல்லாம் நீதான் பண்ணினேன்னு சொல்லுவாங்க. அப்ப காட்டலாம்," என்று என் காதில் சொன்னாள். காதில் சொன்னது சாவிக்கொத்துக்கும் கேட்டது. "நல்ல பழக்கம்மா," என்று அவர் தலையாட்டினார். "தேதியோட எடுங்க."

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. என் பேரில் வாடகைக்கு எடுக்கும் முதல் வீடு அது. கல்யாணம் ஆறு வருஷத்தில் முடிந்துபோனபோது தங்கை வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். "நாலு நாள் வந்து இரு," என்றாள். பதினோரு வருஷம் இருந்தேன். அவள் மகள் வளர்ந்துவிட்டாள். அவளுக்கென்று ஒரு மூலை வேண்டியிருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததால்தான் நானாகக் கிளம்ப வேண்டும் என்று தோன்றியது. தங்கைக்கு அதில் மனத்தாங்கல். அந்த வீட்டில் ஏதாவது குற்றம் கண்டுபிடித்து என்னைத் திருப்பிக் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் அப்படித் துருவினாள்.

கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். தங்கை பஸ் ஏறிப் போனதும் காலி வீட்டில் நடு கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். சாவிக்கொத்து சொன்னது பொய்யில்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து என் காலடி வரை படுத்திருந்தது.

எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை பெரிய அடுப்பின் வாயில் நின்று, வெந்து வரும் ரொட்டித் தட்டுகளை நிறம் பார்த்து இறக்க வேண்டும். வீட்டுக்கு வந்து குளித்து எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். ஊர் விழித்திருக்கும்போது தூங்குவதுதான் என் பிழைப்பு.

முதல் நாள் படுத்துக் கண்ணை மூடினேன். தலைக்கு நேர் மேலே கடகடவென்று ஏதோ ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. தையல் மெஷின். மேல்வீட்டில் ஒரு பெண் பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் தையல் அறையும் என் படுக்கையறையும் ஒன்றின் மேல் ஒன்று. ஓடிக்கொண்டே இருந்தாலாவது காது பழகியிருக்கும். நின்று நின்று ஓடியதுதான் கொடுமை. நின்றால், அடுத்து எப்போது என்று காது காத்துக்கொண்டிருந்தது. அது போதாதென்று பக்கத்து வீட்டுப் பெரியவர் டி.வி.யில் செய்தி வைத்தால், எனக்கு உலக நடப்பெல்லாம் மனப்பாடம்.

தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டேன். பஞ்சு வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம், கையுறை போடாமல் சூடான தட்டைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கையில் பட்டையாகக் கொப்புளம். மேற்பார்வையாளர் என்னை உட்கார வைத்து மருந்து போட்டார். "ரொட்டி கருகினா பரவாயில்ல. நீ கருகக் கூடாது. என்ன ஆச்சு உனக்கு?" என்றார். தூக்கமில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தனியாக இருக்கப் போகிறேன் என்று அத்தனை வீறாப்பாக வந்தவளாயிற்றே.

தங்கையிடம் மட்டும் போனில் சொன்னேன். அவள் கொதித்தாள். "மேல போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேளு. உனக்கு வாய் இல்லைன்னா சொல்லு, நான் அடுத்த பஸ்ஸுல வரேன்."

அவள் வந்தால் நாலு வார்த்தையோடு நிற்காது. அதனால் ஒரு காகிதத்தில் எழுதினேன். முதலில் எழுதியது போலீஸ் புகார் மாதிரி இருந்தது. கிழித்தேன். அடுத்தது பிச்சை கேட்கிற மாதிரி. அதையும் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்:

'இரண்டாம் மாடி இடதுபக்க வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். எனக்கு இரவு வேலை. காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை தூங்குவேன். முடிந்தால் அந்த நேரத்தில் கொஞ்சம் சத்தம் குறைத்துக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும். முடியாவிட்டால் பரவாயில்லை.'

கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, திருடி மாதிரி மாடிக்கு ஓடிவந்தேன்.

மறுநாள் படுத்தேன். கண்ணை மூடினேன். திறந்தபோது மணி இரண்டு. ஆறு மணி நேரம் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, ஸ்பூனால் டம்ளரைத் தட்டிப் பார்த்தேன். நன்றாகவே கேட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். டி.வி.யும் ஓய்ந்துவிட்டது.

ஏன், எப்படி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தையல்காரிக்கு வேறெங்காவது வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கிடைத்த தூக்கத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு மனமில்லை. சாயங்காலம் படியில் அவளைப் பார்ப்பேன். ஒல்லியான பெண், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயது மகள். நோட்டீஸ் ஒட்டின கூச்சத்தில் நான் சிரித்த மாதிரி செய்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவேன். அந்தக் குட்டி மட்டும் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து மூடும். ஏதோ விளையாட்டு என்று நானும் பதிலுக்கு விரலை வைப்பேன்.

இப்படியே மூன்று மாதம் போனது. கொப்புளம் ஆறித் தழும்பும் மங்கிவிட்டது. குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அடுப்பில் பழுது, இரண்டு நாள் வேலை இல்லை. அன்று எல்லோரையும் போல இரவில் தூங்கி, காலையில் எழுந்து, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டு மணி தாண்டிச் சற்று நேரத்தில் படியில் ஏதோ கேட்டது. மெதுவாக ஒரு 'தொம்'. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். வாசல் கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன்.

தையல்காரி என் வாசலுக்கு நேரே படிக்கட்டின் திருப்பத்தில் குனிந்து நின்றிருந்தாள். காலடியில் போர்வையில் சுற்றிய மெஷின். அவள் செருப்பில்லாமல் இருந்தாள். பின்னால் குட்டி, ஒரு கையில் நூல் பை, இன்னொரு கையில் தன் ஷூக்கள், வெறும் சாக்ஸ் காலோடு ஒவ்வொரு படியாக இறங்கியது. தாய் மெஷினை மார்போடு தூக்கிக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்கிப் போனாள்.

வீட்டைக் காலி செய்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கூட வேறு மூட்டை எதுவும் இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு நானும் இறங்கினேன்.

கட்டடத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகை. சைக்கிள்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் ஒரு மடக்கு மேஜை போட்டிருந்தது. மேலே வயரில் ஒரு பல்பு. மேஜை மேல் மெஷினை வைத்து அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விரல்களை வாயருகே வைத்து ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டாள். குட்டி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் தலை வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, எதையோ வரைந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்தாள்.

"ஐயோ, முழிப்பு வந்துடுச்சாக்கா? படியில வெச்சது கேட்டுடுச்சா? மன்னிச்சுக்கங்க, இன்னைக்குக் கை வழுக்கிடுச்சு."

அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"எத்தனை நாளா இங்க வந்து தைக்கிறே?"

"நீங்க எழுதி ஒட்டின மறுநாள்லேர்ந்து. சாவிக்கொத்து அண்ணன்தான் இடம் ஒதுக்கி, பல்பும் போட்டுக் கொடுத்தாரு. ரெண்டு மணி ஆனதும் மேல போயிடுவோம்."

"தினமும் இதைத் தூக்கிட்டா? மூணு மாடி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? முடியாட்டிப் பரவாயில்லன்னுதானே எழுதியிருந்தேன்?"

"முடிஞ்சுதேக்கா," என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள். "உங்களுக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தவரு துடைப்பக் கட்டையால மேல இடிப்பாரு. நானும் ரோஷத்துக்கு இன்னும் ரெண்டு உருப்படி சேத்துத் தைப்பேன். நீங்கதான் எழுதிக் கேட்டீங்க. எங்கம்மா ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை பாத்தவங்க. பகல் தூக்கம் கெட்டா மனுஷி எப்படி ஆயிடுவான்னு நான் சின்ன வயசுலயே பாத்துட்டேன்."

குட்டி எழுந்து வந்து தாயின் சேலை முனையை இழுத்தது. கிசுகிசுவென்று கேட்டது: "அம்மா, பெரியம்மா முழிச்சிருக்காங்கல்ல? இப்ப சத்தமாப் பேசலாமா?"

"பேசுடா கண்ணு," என்றேன் நான். "எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசு."

அது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு "ஆ" என்று ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்களெல்லாம் எழுந்து பறந்தன. மூன்று மாதக் கத்தல் அது. தாய் வாயைப் பொத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மெஷினை மேலே தூக்கிப் போனது நான். தட்டு தூக்கிப் பழகிய கைதான், ஆனாலும் இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் நாக்கு தள்ளியது. என் வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்தார். என்ன ஏது என்று சைகையால் கேட்டார். அவருக்குக் காது கேட்காது என்று அப்போதுதான் புரிந்தது. நான் கத்திக் கத்திச் சொல்லிவிட்டு, அவர் டி.வி. ஓய்ந்ததும் என்னாலா என்று கேட்டேன்.

"டி.வி.யா?" என்றார் அவர். "எனக்கு எப்படி வெச்சாலும் கேக்காதும்மா. வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கட்டுமேன்னு சும்மா சத்தமா வெச்சிருந்தேன். நோட்டீஸ் பாத்தேன், நிறுத்திட்டேன். இப்ப செய்தி வாசிக்கற பொண்ணு வாயைப் பாத்தே பாதி புரிஞ்சுடுது."

உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு அழுதேன். துக்கமில்லை. எனக்கு நல்லது நடப்பதே தெரியாமல், நடத்தியவர்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனேனே என்ற வெட்கம். அதற்கும் அடியில் ஒரு நிறைவு. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இத்தனை பேர் மூன்று மாதம் பூனை நடை நடந்திருக்கிறார்கள்.

அழுது முடித்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். மணிக்கணக்கில் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் வலிக்காமல் இருக்க எங்கள் தொழிற்சாலையில் தடித்த ரப்பர் பாய் போட்டிருப்பார்கள். தேய்ந்தவை கிடங்கில் சும்மா கிடந்தன. கதையைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் பாத்து எடுத்துக்கோ," என்றார். சாவிக்கொத்து தன் சைக்கிளில் ஆறு பாய்களைக் கட்டி எடுத்துவந்தார்.

மறுநாள் காலையில் தங்கை வந்து இறங்கினாள். எனக்கு விடுமுறை என்று தெரிந்து, மேல்வீட்டுக்காரியை ஒரு கை பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். சத்தம் நின்றுபோனதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை அவள் மெல்ல எடுத்துக் கீழே விட்டாள். பிறகு நேராக மேலே போனாள். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். அவள் தையல்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்கக்கா ஒரு அசடு," என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. என் தங்கைக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

எல்லோரும் சேர்ந்து மெஷினை இடம் மாற்றினோம். படுக்கையறை வேண்டாம், என் சமையலறைக்கு மேலே வரும் மூலைக்குப் போகட்டும் என்று சாவிக்கொத்து சொன்னார். மேஜைக் கால்களுக்கு அடியில் பாய்களை வெட்டி அடுக்கினோம். கேட்கிறதா என்று பார்க்க ஒருவர் என் கட்டிலில் படுக்க வேண்டும்.

"நான் படுக்கறேன்," என்றாள் தங்கை. "எனக்குப் பாம்புச் செவி."

மேலே தையல்காரி ஓட்டினாள். குட்டிதான் தூது. தடதடவென்று இறங்கி ஓடி, "கேக்குதா?" என்று கேட்டு, தடதடவென்று ஏறி வந்தது. "கேக்குதாம்!" இன்னொரு பாய் போட்டோம். மறுபடி ஓட்டம். "கேக்குதாம். ஆனா எங்கயோ தூரத்துல கேக்குதாம்!" இன்னும் ஒன்று போட்டு, சுவரோடு ஒட்டியிருந்த மேஜையை ஒரு சாண் தள்ளி வைத்தார் சாவிக்கொத்து. குட்டி இறங்கிப் போனது. வெகு நேரம் வரவில்லை. பிறகு மெதுவாக ஏறி வந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறாங்க."

நாங்கள் சிரித்த சிரிப்புக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம். தங்கை அப்படியும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு கடையையும் கட்டி மேய்க்கிறவள், பகலில் கண் மூடி எத்தனை வருஷமோ. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு எழுந்து வந்து, கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"வீடு பரவாயில்லக்கா," என்றாள். "இங்கயே இரு."

என்னைத் திருப்பிக் கூட்டிப் போகும் எண்ணத்தை அவள் விட்ட நேரம் அதுதான். எனக்கும் மனசு லேசானது.

அன்று மதியம் அத்தனை பேரையும் என் வீட்டில் சாப்பிடச் சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் வேறொருவருக்குச் சமைத்தது அன்றுதான். என்னிடம் இருந்தது இரண்டு தட்டு, ஒரு நாற்காலி. தையல்காரி மேலிருந்து தட்டுகள் கொண்டுவந்தாள். பெரியவர் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். சாவிக்கொத்து, சாவிகள் தரையில் கலகலக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மெஷின் அதற்குப் பிறகு ஒரு நாளும் கீழே இறங்கவில்லை. கொட்டகைக்குள் சைக்கிள்கள் பழையபடி பரவிக்கொண்டன.

நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பரிமாறும்போது தையல்காரியின் முன்னால் குனிந்து, "நீ செஞ்சதுக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, சாப்பாடு ஆறுது," என்றாள் அவள். அப்புறம் கரண்டியைப் பார்த்துவிட்டு, "போதும் போதும்," என்று தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தேன்.